பேட்டைக் குதிரையும் மதுரைக்காரரும்

இன்று மதியம், இங்கே நியூசிலாந்தில் பிளாட் புஷ் பகுதியில் இருக்கும் நண்பர் செந்தில் வீட்டில் சாப்பாடு. இத்தாலிக்குச் சுற்றுலா போய்விட்டுப் போன வாரம்தான் திரும்பியிருக்கிறார்.

கதவைத் திறந்தவரின் கழுத்தில் ஒரு பட்டுத் துண்டு. சியனா நகரத்தில் பேட்டைக்குப் பேட்டை போட்டி போடும் குதிரைப் பந்தயத்தில் அவர் ஆதரித்த பேட்டையின் நிறமாம்.

"நூலிழையில தோத்துட்டோம்ங்க" என்றார்.

தோத்துட்டோமாம்! அங்கே தங்கியது இரண்டே நாள்.

பிரியாணி ஆறிக்கொண்டிருக்க, டிவியில் அவர் எடுத்த வீடியோ ஓடியது. வளைவில் ஒரு குதிரை சறுக்கி விழுந்தது. "அய்யய்யோ" என்றேன்.

"பல நூறு வருஷப் பாரம்பரியம்ங்க. பந்தயத்துக்கு முன்னாடி குதிரையைச் சர்ச்சுக்குள்ள கூட்டிட்டுப் போய் ஆசீர்வாதம் பண்றாங்க. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் இருவரும் ஒரே ஆபீஸ். பொங்கல் சமயத்தில், எங்களோடு வேலை பார்க்கும் இந்த நாட்டுக் கிவி ஒருவர் ஜல்லிக்கட்டு பற்றிக் கேட்டபோது, "அதெல்லாம் படிக்காத கிராமத்து ஆளுங்க பண்றது" என்று சொன்னது இதே வாய்தான். இத்தனைக்கும் இவருக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம். வாடிவாசல் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

"நம்ம ஊர்லயும் காளையைக் கோயில்ல கும்பிட வச்சுட்டுத்தானே அவுத்து விடுறாங்க? அதுக்கு மட்டும் ஏங்க கூச்சப்பட்டீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

"அது வேற, இது வேற. அங்க பால்கனி சீட்டையே மாசக்கணக்கா முன்னாடி புக் பண்ணணும், தெரியுமா?"

ஓ, குறை அதுதானா? யாராவது வாடிவாசலுக்கு எதிரே ஒரு பால்கனி கட்டுங்கள் சாமி. அந்தப் பட்டுத் துண்டைப் போட்டு முதல் சீட்டைப் பிடிக்கப்போவது யார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?