நாலாவது வரி

ஃபேன் தொழிற்சாலையின் ஸ்டோர் கீப்பருக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் முடிச்சு. தொழிற்சங்கத் தலைவருக்கு மேடைப்பேச்சு எழுதிக் கொடுப்பது இவர்தான். நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இதே வேலை. வரிக்கு வரி ஒரே சொல்லில் கொண்டுபோய் முடிப்பார். "இயந்திரத்தைத் துடைப்பது நாம். இரும்பைத் தூக்குவது நாம். இருமிச் சாவது நாம்." மூன்று வரி போதும். நாலாவதில் தலைவர் கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டுக் காதருகே கையை வைப்பார். தொழிற்சாலை வாசலில் கூடியிருக்கும் அறுநூறு பேரும் அந்தச் சொல்லைக் கத்துவார்கள். சும்மா சொல்லக் கூடாது, எட்டு வருடத்தில் கூட்டத்தை அப்படிப் பழக்கி வைத்திருந்தார் மனுஷன். கைதட்டல் தலைவருக்கு, முடிச்சுக்கு ஒரு டீ. அதிலேயே இவருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அந்த மாதம் ஒரு பேச்சு அடிபட்டது. ஃபேன் மோட்டாருக்குக் காயில் சுற்றும் பிரிவை மூடிவிட்டு வேலையை வெளியே கொடுக்கப் போகிறார்களாம். அங்கே இருக்கும் எண்பது பெண்களில் முடிச்சின் மனைவியும் ஒருத்தி. பதினோரு வருடம் செம்புக் கம்பி சுற்றி விரலெல்லாம் காய்த்துப் போனவள். முடிச்சு தலைவரிடம் ஓடினார்.

"காயில் செக்சன் தப்பிச்சிரும்ல தலைவரே?"

"நான் எதுக்கு இருக்கேன்? வெள்ளிக்கிழமை ஒப்பந்தக் கூட்டம். சம்மதம்னு முடியற மாதிரி மூணு வரி எழுதிக் குடு. நாலாவதை நான் பாத்துக்கறேன்."

அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. உட்கார்ந்து எழுதினார்.

அந்தச் சங்கத்தில் ஓட்டுச் சீட்டு கிடையாது, கை தூக்குவதும் கிடையாது. வாசல் கூட்டத்தில் வாயால் சொன்னால் அதுதான் ஓட்டு. அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள நிர்வாகத்தின் ஆள் ஒருவர் வந்து நிற்பார். வெள்ளிக்கிழமையும் நின்றார்.

"உழைப்புக்கேற்ற கூலிக்குச் சம்மதம். எட்டு மணி நேர வேலைக்குச் சம்மதம். மரியாதையாக நடத்தினால் சம்மதம்." கூட்டம் சூடேறியது. தலைவர் சட்டைப் பையிலிருந்து வேறொரு தாளை எடுத்தார். "நிர்வாகத்தின் மறுசீரமைப்புத் திட்டத்துக்கு..." என்று நிறுத்தி, காதருகே கையை வைத்தார்.

பழக்கதோஷம். அறுநூறு தொண்டையும் கத்தின. நிர்வாகத்து ஆள் குறித்துக்கொண்டு காரில் ஏறினார். மறுசீரமைப்பு என்றால் காயில் பிரிவுக்குப் பூட்டு என்பது திங்கட்கிழமை நோட்டீஸ் பலகையைப் பார்த்த பிறகுதான் பாவப்பட்ட ஜனங்களுக்குத் தெரிந்தது.

முடிச்சு சங்க அறைக்குள் போய் நின்றார்.

"அந்த நாலாவது வரி நான் எழுதலையே தலைவரே."

"முதல் மூணை எழுதினது யாரு?" தலைவர் பல் குத்திக்கொண்டே கேட்டார். "அந்த எண்பது பேரும் சேர்ந்துதானய்யா கத்துனாங்க. நானா அவங்க வாயைப் புடிச்சுத் திறந்தேன்?"

நாசமாய்ப் போக என்று மனசுக்குள் மட்டும் சபித்தார். தன் வேலையும் இந்த ஆள் கையில்தான் என்ற பயம். வெட்கங்கெட்டுத் திரும்பி வந்தார்.

வீட்டில் மனைவி டிபன் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வரியை நான் எழுதலம்மா," என்றார். பக்கத்தில் போய், "நீ கத்தலதானே?" என்று கேட்டார்.

அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாரையும் விடச் சத்தமாக் கத்துனேங்க. உங்க எழுத்துன்னு நெனச்சேன்."