வளையாத ஊசி

பயத்துக்கு நாலு கால் என்பார் என் மாமா. நாம் எவ்வளவு ஓடினாலும் நமக்கு முன்னால் போய் நிற்குமாம். அது உண்மைதான் என்று எட்டு வயதில், நெய்வேலி குவார்ட்டர்ஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரிந்தது. அன்று என் கழுத்தில் அம்மாவின் தங்கச் சங்கிலி கிடந்தது. பொன்னுக்குவீங்கி வந்து இரண்டு கன்னமும் பணியாரமாக உப்பியிருந்தன. பொன் பட்டால் வீக்கம் வடியும் என்று அம்மா கழற்றிப் போட்டிருந்தாள்.

மாமா, அம்மாவின் தம்பி, சுரங்கத்து ஒர்க்ஷாப்பில் மெக்கானிக். மேல்பட்டாம்பாக்கத்தில் சித்திக்கு வளைகாப்பு. எல்லாரையும் ஏற்றிப் போக, தெரிந்த கான்ட்ராக்டர் ஒருவரின் பழைய வேனை இரவல் கேட்டிருந்தார். ரிப்பேர் செய்து ஓட்டிக்கொள் என்று கொடுத்துவிட்டார் அந்தப் புண்ணியவான். சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வாசலில் ஜாக்கி ஏறியது. முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்து மாமா உலுக்கினார். டொக், டொக் என்றது. ஸ்டியரிங் தண்டு சக்கரத்தோடு சேரும் இடத்தில் என் விரலை வைக்கச் சொல்லி மறுபடி உலுக்கினார். விழப்போகிற பல் ஆடுவதுபோல உள்ளே ஏதோ ஆடியது.

"பால் ஜாயிண்டு தேஞ்சிபோச்சி பாப்பா. கிண்ணத்துல குண்டு ஒக்காந்தாப்பல இருக்கணும். இது அண்டாவுல நெல்லிக்கா கணக்கா உருண்டுக்கினு கெடக்குது."

பழையது லேசில் கழலவில்லை. இரண்டு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் தட்டியதும் பொத்தென்று விழுந்தது. கடலூரில் வாங்கி வந்திருந்த புதுசை மாட்டி, நட்டை இறுக்கிவிட்டு, கொண்டை ஊசி போலவே இரண்டு காலோடு இருந்த ஒரு கம்பியை எடுத்துக் காட்டினார்.

"நட்டு என்னாதான் இறுக்கினாலும் ஊரு சுத்தத்தான் பாக்கும். இந்த ஊசிய குறுக்க வுட்டு ரெண்டு காலையும் வளைச்சிட்டா வூடு தங்கும். இல்லன்னா சக்கரம் ஒரு பக்கம் போவும், நாம ஒரு பக்கம் போவோம்."

அதற்குள் அம்மா காப்பிக்குக் கூப்பிட்டாள். அவர் உள்ளே போனார். நான் கொஞ்ச நேரம் எங்கோ விளையாடிவிட்டு வந்து பார்த்தேன். தகர மூடியில் ஊசி கிடந்தது. பழசிலிருந்து கழற்றிப் போட்ட ஊசி என்று நினைத்தேன். வளைகாப்புக்குப் போகக் கொடுத்துவைக்காதவளுக்கு இதாவது இருக்கட்டுமே என்று பாவாடையில் துடைத்துப் பின்னலில் செருகிக்கொண்டேன்.

மறுநாள் காலை அம்மாவும் தம்பிப் பயலும் வேனில் ஏறினார்கள். முதலில் மந்தாரக்குப்பம் போய் அத்தையை ஏற்றிக்கொண்டு, அப்புறம்தான் மேல்பட்டாம்பாக்கம். அப்பா நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். எங்கள் பிளாக்கில் அதற்கென்று சட்டமே உண்டு. நைட் ஷிப்ட் ஆள் தூங்கும் வீட்டில் பிள்ளைகள் சைகையில்தான் சண்டை போடவேண்டும். ஒரு தட்டைக் கீழே போட்டதற்கு முதுகில் வாங்கியவள் நான்.

தலையை அவிழ்க்கக் கண்ணாடி முன் நின்றேன். ஊசி கையில் வந்தது. இரண்டு காலும் நேராக இருந்தன.

போட்டு எடுத்த ஊசியென்றால் கால் வளைந்திருக்க வேண்டுமே? அப்படியென்றால் இது போடவே போடாத ஊசி. சக்கரம் ஒரு பக்கம். தம்பி ஒரு பக்கம். அம்மா எந்தப் பக்கம்? அப்பாவின் பாய் அருகில் போய் நின்றேன். எழுப்பினால் அடி. எழுப்பாவிட்டால்? திரும்பி வந்தேன். மறுபடி போனேன். கடைசியில் அவர் கால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, வேன் ஊசி என் தலையில இருந்திச்சி."

அவர் ஊசியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. சட்டையும் இல்லை, செருப்பும் இல்லை, லுங்கியோடு சைக்கிளில் ஏறிப் போனார். நான் சங்கிலியை வாயில் கடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் யார் வேகமாக வந்தாலும் சேதி சொல்லத்தான் வருகிறார்கள் என்று தோன்றியது.

மந்தாரக்குப்பத்தில் நடந்ததைப் பின்னாளில் அம்மா சொன்னாள். ஊசி மண்ணில் உருண்டுவிட்டதென்று நினைத்து, காலையில் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என மாமா கட்டுக்கம்பியை முறுக்கி வைத்திருந்தாராம். காலையில் சுத்தமாக மறந்துவிட்டார். அத்தை புடவை மாற்றி முடிப்பதற்குள் ஆற்றுவெள்ளமே வடிந்துவிடும் என்பார்கள். நல்லவேளை, அன்றைக்கும் வடிந்துகொண்டிருந்தது. அப்பா போய்ச் சேர்ந்தபோது வேன் அங்கேயே நின்றது. குனிந்து பார்த்தால் கம்பி ஒரு பக்கம் அறுந்திருந்ததாம்.

திரும்பி வந்த அப்பா, "போட்டாச்சி" என்றார். அவ்வளவுதான். அடிக்கவில்லை. பாயில் படுத்தார். நான் பூனைபோல வெளியே நழுவினேன்.

"எங்க போற? இங்க ஒக்காந்து வாய்ப்பாடு சொல்லு. சத்தமா."

வாயைத் திறந்தாலே தாடை தெறித்தது. அழுதுகொண்டே ஒன்றாம் வாய்ப்பாட்டில் தொடங்கினேன். குரல் இறங்கினால் அவர் கண் செருகும்; திடுக்கிட்டு விழித்து, வாசலையே பார்த்துக்கொண்டு, "நிறுத்தாத" என்பார். பதினாறு வரை போய் மறுபடி ஒன்றுக்கு வந்தேன்.

சாயங்காலம் வேன் வந்து ஹாரன் அடித்தது. வளையல் குலுங்க அம்மா இறங்கினாள். தம்பி கத்தினான், அத்தை சிரித்தாள், மாமா கதவை அறைந்து சாத்தினார். அவ்வளவு இரைச்சலிலும் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் குறட்டை விடத் தொடங்கினார்.

வீங்கின வாய்க்கென்றே யோசித்துக் கண்டுபிடித்த தண்டனை அது என்று வெகுகாலம் அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது.