உப்பு ஏறிய சுவர்

சுனாமிக்குப் பிறகு முகாமில் இருந்த அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவர, காரை பெயர்ந்த சுவரை நானே பூசினேன். இரண்டு முறை பூசியும் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. சீமெந்து பழசோ, தண்ணீர் கூடிவிட்டதோ, ஒன்றும் விளங்கவில்லை.

மூன்றாம் முறை சீமெந்து வாங்கக் காத்தான்குடிக் கடையொன்றுக்குப் போனேன். முன்பின் தெரியாத முஸ்லிம் முதலாளி, "கடல் தண்ணி ஏறின ஊடா, தங்கச்சி?" என்று கேட்டார். 

"ஓம் நானா, கல்லடியில."

"அப்ப சீமெந்து தரமாட்டன்."

எனக்குச் சுருக்கென்றது. "தமிழாக்களுக்குத் தரமாட்டிங்களோ?" என்று கத்திவிட்டு, அவர் சொல்ல வந்ததைக் கேளாமல் திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை அவர் விசாரித்து விசாரித்து எங்கள் வாசலுக்கே வந்து நின்றார். எதற்கு வந்தார் என்று தெரியாமல் பயந்தேன். அவரோ சுவரைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு, புள்ள. நல்ல தண்ணியால கழுவிக் கழுவிக் காயவிடு. பிறகு ஆத்து மணலோட சுண்ணாம்பு பூசு. சீமெந்து நிக்காது. அந்தத் தண்ணியில போன என்ட மகள்ட அறைய நானும் இன்னும் கழுவிட்டுத்தான் இருக்கன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னபடி பூசினேன். சுவர் நின்றது, அம்மாவும் வந்தார். அன்று வாசலில் நின்றவரிடம் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்க என் வாய் ஏன் திறக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.