இந்த முறை உண்மையான ஆனை

தம்பலகாமத்து நெல் ஆலையை விட்டு நடந்துகொண்டிருந்தேன். சண்டை ஒன்றும் இல்லை. போகம் முடிந்தது, மூட்டை சுமக்கும் வேலையும் அதோடு முடிந்தது. பையில் உடுக்க இரண்டு சாரம், ஒரு சேட், பாதி சவர்க்காரம். திருகோணமலைக்குப் போய் என்ன செய்வதென்று யோசிக்கவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து, பசி வந்த பிறகுதான் வேலையைப் பற்றி யோசிப்பது என் வழக்கம்.

பின்னால் ஹோர்ன் கேட்டது. திரும்பினால் எங்கள் ஆலையின் பழைய வேன். ஓட்டி வந்தவர் எங்கள் முதலாளி இல்லை. சட்டைப்பையில் இரண்டு போன் வைத்திருந்த, கொஞ்சம் தொந்தி விழுந்த மனிதர்.

"டவுணுக்கா தம்பி? ஏறு."

முன்கதவைத் திறக்கப் போனேன்.

"அங்க இல்ல, பின்னுக்கு ஏறு. அந்தப் பக்கக் கதவு பள்ளத்துல விழக்குள்ள திறந்துக்குது. பிடிச்சுக்கொண்டு வா."

இரக்கப்பட்டு ஏற்றவில்லை என்று விளங்கியது. ஆனால் அதை அவர் மறைக்கவும் இல்லை. கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவருக்குச் சொந்த ஊர் கின்னியா; முஸ்லிம் ஆள், அதனால் நானா என்று கூப்பிட்டேன். உட்துறைமுகப் பக்கம் கார் சேல் வைத்திருந்தார். பழைய வாகனம் வாங்கி, கழுவி, விற்கிற இடம். அன்று காலைதான் இந்த வேனை எங்கள் முதலாளியிடம் வாங்கியிருந்தார். பாதித் தூரம் வந்ததும் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அந்தக் கதவை ஆனை இடிச்சதாம், ஒங்கட முதலாளி சொல்லுறார். நான் ஊருக்குச் சொல்லுற பொய்ய எனக்கே சொல்லுறார் பாரன்."

"உண்மைதான் நானா. இடிக்கேக்க நான் உள்ளுக்குள்ள படுத்திருந்தனான்."

அவர் வேனை ஓரம் கட்டிவிட்டார். ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் விஷயத்தைச் சொன்னார். அவருடைய சேலில் நெளிவு உள்ள வாகனம் எல்லாமே ஆனை இடித்ததுதான். எக்சிடன்ட் பட்ட வாகனத்தை ஒருவரும் வாங்கமாட்டார்கள். ஆனை என்றால் யாருக்கும் கோபம் வராது, யார் மீது பிழை என்று கேட்கமாட்டார்கள்.

"ஒங்கட ஆக்களுக்கு இன்னும் லேசு. பிள்ளையார் தொட்ட வாகனம் எண்டு சொன்னால் தேங்காயும் உடைச்சுத்தான் எடுத்துக்கொண்டு போவினம். இப்ப டவுண் முழுக்கத் தெரிஞ்சு போச்சு. இனி உண்மையா ஆனை இடிச்சாலும் ஒருத்தரும் நம்பமாட்டாங்கள்."

அவர் சொன்ன ஒரு சொல்லையும் நம்பக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். ஆனால் ஆளைப் பிடித்துப்போனது. ரோட்டில் படுத்திருந்த நாய் எழும்பும்வரை ஹோர்ன் அடிக்காமல் காத்து நின்றார்.

சீனக்குடா தாண்டியதும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். புருஷன் மோட்டர் சைக்கிளில் போகும்போது வேன் மோதிச் செத்தவர். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பிழைக்கலாம் என்று அந்தப் பெண் லைசன்ஸ் எடுத்து, வேன் தேடுகிறார். எல்லா சேலிலும் ஒரே கேள்விதான் கேட்பாராம்: இந்த வாகனத்தில் ஆராவது செத்தவையோ? புருஷனை மோதிய வேன் பெயின்ற் அடித்துக் கைமாறி, இப்போதும் கடைத்தெருவில் ஓடுகிறதாம். அவர் அதைக் கண்டிருக்கிறார்.

"எல்லாரும் 'இல்ல தங்கச்சி' எண்டுதான் சொல்லுவம்," என்றார். "அவட முகத்தப் பாத்தா, நம்பேல்ல எண்டு தெரியும்."

சேலுக்குள் போனபோது அந்த அக்கா அங்கேதான் நின்றார். ஒரு லொறியின் நிழலில், டவுணில் திரிகிற மான்களில் ஒன்று படுத்து அட்டைப்பெட்டியை மென்றுகொண்டிருந்தது. அக்கா பக்கத்தில் நின்ற வெள்ளை வேனைச் சுற்றிப் பார்த்தார். கறள் இல்லை, கீறல் இல்லை, பளபளவென்று இருந்தது.

"நானா, இதைத் தாங்கோவன்."

"அது பேசி முடிஞ்சுது தங்கச்சி."

"போன மாசமும் அப்பிடித்தான் சொன்னனீங்கள். அந்த ஆள் நடந்தோ வாறார்?"

நானா காதில் வாங்காதது போல எங்கள் வேனைக் காட்டினார். "இதைப் பாருங்க. தம்பலகாமத்து வாகனம். உப்புக்காத்துப் படாதது."

அக்கா கதவின் நெளிவில் கையை வைத்தார். "இது?"

நானா என்னைப் பார்த்தார். "தென்னை விழுந்தது," என்றார்.

என்னால் பொறுக்க ஏலாமல் போய்விட்டது. "இல்லை அக்கா, ஆனை."

அக்கா நானாவிடம் திரும்பினார். "இப்ப சாட்சிக்கு ஆளும் வைச்சிருக்கிறியளோ? ஆனைக்கும் சம்பளம் குடுக்கிறியளோ?"

நடந்ததைச் சொன்னேன். இருட்டத் தொடங்கிய மம்மல் பொழுது, ஆலை முற்றம், வேனுக்குள் ஒரு மூட்டை நெல், அதன் மேல் தலை வைத்து நான். ஆனை நெல் மணத்துக்கு வந்து கதவில் நெற்றியை வைத்துத் தள்ளியது. நான் மற்றப் பக்கத்தால் குதித்து ஓடினேன். ஆனை மூட்டையை இழுத்துத் தின்றுவிட்டுப் போனது.

"ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்ல அக்கா. நெல்லுத்தான் போச்சு."

"எங்க படுத்திருந்தனீ? படுத்துக் காட்டு."

வேனுக்குள் ஏறி, அன்று கிடந்தது போலவே கிடந்தேன். அக்காவைக் காணவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று நெளிந்த கதவில் வெளியிலிருந்து 'டமார்' என்று ஓர் அடி.

எப்படி எழும்பினேன் என்று தெரியாது. மற்றப் பக்கத்தால் பாய்ந்து, செருப்பை விட்டு, கேற்றடிவரை ஓடியிருந்தேன். மானும் எழும்பி ஓடியது. திரும்பிப் பார்த்தால், அக்கா கதவடியில் கையை உதறிக்கொண்டு நின்றார். அடித்ததில் அவருக்குக் கை நொந்துவிட்டது. சிரிப்பும் வந்து, கண்ணும் கலங்கியிருந்தது.

"நடிப்பெண்டால் இவ்வளவு கெதியா ஓட ஏலாது," என்றார். "இதை எடுக்கிறன் நானா."

போகும் முன் கதவை இரண்டு மூன்று தரம் திறந்து மூடிப் பார்த்தார். "இது நிக்காதே. திருத்தும்வரைக்கும் ஆரும் பிடிக்க வேணுமே," என்று சொல்லி, என்னை ஒரு பார்வை பார்த்தார். வீடு எங்கே என்றும் சொன்னார். பள்ளிக்கூடத்துக்கு ஓட்டம் அடுத்த நாளே தொடங்குகிறதாம்.

மாலையில் நானா ரொட்டியும் பிளேன்ரீயும் வாங்கித் தந்தார். வெள்ளை வேன் இன்னும் அதே இடத்தில் நின்றது.

"ஆர் நானா அதைப் பேசி வைச்ச ஆள்?"

"ஒருத்தரும் இல்ல."

"அப்ப ஏன் அவவுக்குக் குடுக்கேல்ல?"

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். "அதில ஒரு ஆள் செத்தது. அவ கேட்டிருந்தா, 'இல்ல' எண்டுதான் என்ட வாயில வந்திரிக்கும். பழகின வாய். அதுதான் கேக்க விடல்ல."

"அப்ப அதை ஆருக்கு விப்பியள்?"

"கேக்காத ஆளுக்கு."

கார் விற்கிறவர்களை நம்பலாமா என்று யாராவது கேட்டால் அந்த ரொட்டிதான் ஞாபகம் வரும். பெரிய துண்டை என் பக்கம் தள்ளிவிட்டு, வெள்ளை வேனைப் பாராமல் சாப்பிட்டார். அவரிடம் நான் வாகனம் வாங்கமாட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்த யாராவது வாங்கப் போனால், 'வாய் திறந்து கேளுங்கோ, கேட்டுவிட்டு அவருடைய முகத்தைப் பாருங்கோ' என்று சொல்லி அனுப்புவேன்.

அன்றிரவு சேலில் ஒரு காருக்குள் படுக்க இடம் தந்தார். "நாளைக்கும் நில் தம்பி. அந்த நீலக் காரை இடிச்ச ஆனையையும் நீ கண்டனீதானே? சம்பளம் தாறன்."

"நான் ஓடின ஓட்டத்தை இன்னொருக்கா ஓட ஏலாது நானா," என்றேன். அவர் மறுபடியும் சிரித்தார். கோபிக்கவில்லை.

விடிந்ததும் நடந்தேன். அக்காவின் வீட்டு வாசலில் வேன் கழுவி நின்றது. பின்னால் ஏறி, நெளிந்த கதவை இழுத்துப் பிடித்தேன். அவர் சாவியைத் திருகிவிட்டு, ஓட்டத் தொடங்காமல் திரும்பிப் பார்த்தார்.

"பிடிச்சிட்டியோ?"

"ஓம் அக்கா."