ஜின்செங்கும் அமுக்கராவும் ஒரே தம்ளரில்

போன செவ்வாய்க்கிழமை பத்து நிமிடம் என் மாமனார் உயிரோடு இருந்தாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. பக்கத்து நாற்காலியில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். காரைக்காலில் வீதிக்கு நாலு பேர் அப்படி உண்டு. வருடத்துக்கு ஒரு முறை அதிகாரி முன்னால் நேரில் போய், உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் பென்ஷன். போன வருடம் கை நடுங்கிவிட்டது. அந்த அவமானம் அவருக்கு ஆறவேயில்லை.

பாரிஸிலிருந்து மச்சான், தெம்புக்கென்று ஜின்செங் வேர் மாத்திரை அனுப்பினான். ஒரு வாரம் சாப்பிட்டார். அப்படியொரு சுறுசுறுப்பு... விடியுமுன்னே கிணற்றடியைக் கழுவி முடித்திருப்பார். ஆனால் தூக்கம் போச்சு. அதை நிறுத்திவிட்டு, திருநள்ளாறு நாட்டுமருந்துக் கடையில் அமுக்கராப் பொடி வாங்கிக் கொடுத்தேன். பாலில் கலந்து குடித்தார். நடுக்கம் குறைந்தது, தூக்கமும் வந்தது. என்ன, பகல் பதினொரு மணிக்கும் வந்தது.

"அது முழிப்பு, இது நிதானம். கையெழுத்துக்கு ரெண்டும் வேணும் மாப்ளே" என்றார்.

போன செவ்வாய்க்கிழமை காலை மாத்திரையைப் பொடித்து, அமுக்கராவோடு சேர்த்து ஒரே தம்ளர் பாலில் — அதுவும் இரட்டை அளவு. நல்லது ரெண்டு சேர்ந்தால் ரெண்டு மடங்கு நல்லது. நாம் எல்லோரும் போடுகிற கணக்கு இதுதானே? கலக்கிக் கொடுத்தவன் நான்தான்.

ரிக்‌ஷாவில் நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். ஆபீஸில் உட்கார்ந்தார். முதுகு நேராக, கண் திறந்தபடி, உதட்டில் லேசான சிரிப்பு.

"முசியே, கையெழுத்துப் போடுங்க" என்றார் அதிகாரி, பிரெஞ்சு மரியாதையோடு.

அதிகாரி தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

"முசியே?"

ஈ ஒன்று அவர் புருவத்தில் உட்கார்ந்து, இமைவரை நடந்தது. இமை அசையவில்லை. கையைத் தொட்டேன். ஜில்லென்றிருந்தது. வரிசையில் நின்ற பென்ஷன்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

அதிகாரி பேனாவை மூடினார். "இவரு உயிரோட இருக்காருன்னு நான் எப்படிங்க எழுதுறது?" என்றார் மெதுவாக.

வீட்டுக்குப் போய் அத்தையிடம் என்ன சொல்வேன்?

டாக்டருக்கு ஆள் ஓடியது. அவர் வருவதற்குள் மாமா ஒரு தடவை இமைத்தார். பேனாவை எடுத்தார். நடுக்கமே இல்லாமல் கையெழுத்துப் போட்டார். டாக்டர் வந்து பார்த்து, "ரெண்டையும் தூக்கிக் குப்பையில போடுங்க. எது எதோட சேரும்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க" என்று என்னைத்தான் திட்டினார்.

திரும்பும்போது ரிக்‌ஷாவில் மாமா கேட்டார்.

"ஏன் மாப்ளே, யாருமே எனக்குப் பதில் சொல்லல? இருக்கேன், இருக்கேன்னு எத்தனை தடவை கத்துனேன். எழுந்து வந்து உங்க காதுகிட்டகூடச் சொன்னேனே."

அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

முன்பெல்லாம் நான் கூப்பிட்டு என் மனைவி திரும்பிப் பார்க்காவிட்டால் கோபம் வரும். இந்த வாரம் கோபம் வரவில்லை — முதலில் என் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொள்கிறேன்.