சட்டைப்பையில் இருந்த ரேம்

என் மேசை டிராயரில் ஒரு தீப்பெட்டி லேபிள் தாள் கிடக்கிறது. முன்பக்கம் ரோஜாப்பூ. பின்பக்கம் நீல மையில் இங்கிலீஷ் வரி ஒன்று. எழுதியவன் கோவில்பட்டி கம்ப்யூட்டர் கடையில் என்னோடு வேலை பார்த்தவன். டிகிரிக்காரன். நான் எட்டாம் வகுப்பு.

லேபிள் அச்சடிக்கும் பிரஸ் ஒன்றுக்குப் புது மிஷின் செய்தோம். நினைவகத்துக்கு விரல் நீளப் பட்டையாக இரண்டு ரேம், மொத்தம் நான்கு ஜிபி. எங்கள் கடையில் அதுவரை அவ்வளவு போட்டதில்லை. விண்டோஸ் வேண்டாம், காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் போடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். சிடியைப் போட்டால் பாதியில் உறைந்து நின்றது. முதலாளி எங்கள் இருவரையும் பார்த்தார். "எவன் இத ஏத்துதானோ, அவன்தான் இனி சர்வீஸுக்குப் பொறுப்பு." கரிசல் புழுதி ஏறிய மிஷின்களைத் துடைத்துத் துடைத்தே ஒன்பது வருஷம் அந்த நாற்காலிக்குக் காத்திருந்தவன் நான். அவன் வந்து ஆறு மாதம்.

திரையில் ஓடும் வரிகளை அவன் பேப்பர் படிப்பதுபோலப் படிப்பான். படித்துவிட்டுத் தனக்குள் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். எனக்குத் தெரிந்தது கழற்றுவதும் மாட்டுவதும்தான். அவன் சாப்பிடப் போன நேரம் ஒரு ரேமைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். லினக்ஸ் ஏறிவிட்டது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பையில் இருந்ததைச் சொல்லவில்லை.

அவன் வந்து ஏதோ தட்டிப் பார்த்தான். திரையில் ரேம் இரண்டு ஜிபி என்றுதான் வந்தது. பிறகு என் சட்டையைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, வேர்வை பட்டா அது செத்துப்போவும். குடுங்க."

முதலாளிக்குக் கேட்காத குரல். கொடுத்தேன். மாட்டியதும் மறுபடி உறைந்தது. "ரேம் கூடிப்போனதுதான் கோளாறு. நீங்க கழட்டலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றான். திரும்பக் கழற்றி, பெரிய ரேமுக்கென்று சிடியிலேயே தனியாக இருந்த கெர்னலை, லினக்ஸின் உள்மையம் அது, ஒரே வரி தட்டி ஏற்றினான். இரண்டையும் மாட்டினோம். ஓடியது.

"யாருவே சரி பண்ணுனது?" என்றார் முதலாளி.

"அண்ணாச்சிதான்."

அந்த வரியை, பிரஸ்ஸிலிருந்து வந்த வேஸ்ட் லேபிளின் பின்னால் எழுதிக் கையில் கொடுத்தான். "அடுத்த மிஷினுக்கு ஆவும்."

நாற்காலி எனக்கு வந்தது. அவன் சென்னைக்குப் போய்விட்டான். காட்டிக் கொடுத்திருந்தால் அவனை அன்றே மறந்திருப்பேன். விட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அதுவும் அவனால்தான் முடிந்தது.

பிறகு எத்தனையோ மிஷினில் அந்த வரியை எழுத்து எழுத்தாகப் பார்த்து அடித்திருக்கிறேன். இப்போது வரும் லினக்ஸுக்கு அது வேண்டாம். அர்த்தம் என்னவென்று யாரிடமும் கேட்டதில்லை. தாளை எடுத்தால் அந்தச் சிரிப்புதான் முன்னால் வருகிறது. ரோஜாப்பூ மேலே தெரியும்படி திருப்பி வைத்து டிராயரைச் சாத்துகிறேன்.