மில் சத்தத்துக்குள் விட்ட மூச்சு

மூச்சைப் பற்றி எழுத நான் யார்? டாக்டர் இல்லை. பத்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே கழுத்தெல்லாம் வேர்க்கும். படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். அந்த ஒரு நாளை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாயால் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மாவு மில்லில் வேலை செய்கிறேன். வறுத்த தனியா வாசனை, கையில் விழும் மாவின் சூடு, எல்லாமே எனக்குப் பிடிக்கும். எல்லாவற்றையும் விடப் பிடித்தது அந்தச் சத்தம். மெஷின் ஓடும்போது யாரும் பேச முடியாது. டப்பாவை வைத்துவிட்டு, நைஸாகவா ரவையாகவா என்று விரலால் காட்டுவார்கள். நான் தலையை ஆட்டுவேன்.

போன மழைக்காலத்தில் வந்த இருமல் போகவே இல்லை. அடையாறு டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். "மாவுத் தூசியா இருக்கலாம். ஊதிப் பாக்கற டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. மூச்சுக்குழல் சுருங்கியிருந்தா அந்த வேலைய விட்டுடணும்" என்றார்.

மில்லை விட்டால் ஏதாவது தி.நகர் கடை வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்று கூப்பிட வேண்டியதுதான். நினைத்தாலே சாப்பாடு இறங்கவில்லை.

டெஸ்டுக்கு மனைவியும் வந்தாள். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவள். அவள் விலை சொன்னால் தெருக்கோடி வரை கேட்கும்.

டெஸ்ட் எடுக்கிற பெண் சுவரில் இருந்த படத்தைக் காட்டி விளக்கினாள். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து, பிரிந்தது மறுபடி பிரிந்து போகிறது. மாட வீதியிலிருந்து சந்து, சந்துக்குள் சந்து போவது போல எனக்குத் தெரிந்தது. கடைசிச் சந்தின் முடிவில் திராட்சைக் கொத்து மாதிரி குட்டிக் குட்டிப் பைகள். காற்றும் ரத்தமும் கொடுத்து வாங்குவது அங்கேதான். நுரையீரல் தானாக அசையாதாம். அதன் அடியில் ஒரு தசை விரிப்பு இருக்கிறது. அது கீழே இறங்கினால் காற்று உள்ளே வருகிறது, மேலே எழும்பினால் வெளியே போகிறது. இத்தனை வருஷம் இதெல்லாம் எனக்குள்ளே ஓசைப்படாமல் நடந்திருக்கிறது!

மூக்கில் கிளிப் மாட்டி, கம்ப்யூட்டரோடு சேர்ந்த ஒரு குழாயை வாயில் வைத்தாள். "நல்லா இழுத்து, ஒரே தம்முல ஊதுங்க சார். காலியாகற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

முன்பின் தெரியாத பெண்ணுக்கு எதிரே எப்படிப் பலமாக ஊதுவது? மெல்ல ஊதினேன். திரையில் கோடு தரையோடு படுத்துக்கொண்டது.

"டீ ஆறட்டும்னு ஊதறீங்களா சார்?"

"அவரு அப்டித்தாம்மா. தும்மல் வந்தாகூட பக்கத்து ரூமுக்குப் போய்தான் தும்முவாரு" என்றாள் மனைவி.

இரண்டாவது தடவையும் அதே கதிதான். "இப்படியே ரிப்போர்ட் போனா நுரையீரல் மோசம்னுதான் சார் வரும்" என்றாள் அந்தப் பெண். வெளியே காத்திருந்தவர்கள் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள். என் காது சூடானது. மூச்சு இன்னும் சிறுத்தது.

மனைவி எழுந்து நின்றாள். "யோவ், மில்லுல மிஷினு ஓடச்சொல்ல நீ பாட்டு பாடிக்கினு இருப்பியே, நான் பாக்கலன்னு நெனச்சியா? சத்தம் இருந்தா உனுக்கு வெக்கம் வராது. இரு!"

"கடகடகடகட" என்று ஆரம்பித்தாள். அசல் எங்கள் மில்.

வாசலில் இருந்த மாமி ஒருத்தர், "இன்னும் பலமாப் போடுங்கோ!" என்று பெஞ்சைத் தட்டினார். பக்கத்தில் இருந்தவர்களும் தட்டினார்கள். அந்தப் பெண் "ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க!" என்று கத்தினாள். அத்தனை சத்தத்துக்குள் நான் கண்ணை மூடிக்கொண்டு ஊதினேன். கடைசிச் சந்து வரை காலியாகும் மட்டும் ஊதினேன். கண்ணைத் திறந்தால் கோடு மலை போல ஏறி, சாவகாசமாக இறங்கியிருந்தது.

"மூணு வாட்டி ஒரே மாதிரி வரணும்" என்றாள் அந்தப் பெண், சிரிப்பை அடக்க முடியாமல். மில் இன்னும் இரண்டு முறை ஓடியது.

"இவ்ளோ காத்த எங்கயா ஒளிச்சு வெச்சிருந்த?" என்று மனைவி என் முதுகில் ஒன்று வைத்தாள். மாமி கை தட்டினார். நானும் சிரித்தேன், சத்தமாகவே.

குழல் சுருங்கவில்லை, தூசியால் வந்த எரிச்சல்தான், முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலை பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை முகக்கவசத்துடன் மில்லுக்குப் போனேன். கரண்ட் இல்லை. மத்தியானத்துக்கு மேல்தான் மெஷின் ஓடியது. அதுவரை டப்பாவோடு வந்தவர்களிடம் நைஸாகவா ரவையாகவா என்று வாயாலேயே கேட்டேன்.